கருவாட்டு லாரியில் வந்த கடல் செவ்வந்தி

எங்கள் ஊரில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டாலும் முதலில் வருவது புகைதான். ஏரி என்று ஒன்று இருக்கிறது. அதில் பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் என் வீட்டுக்காரருக்குக் கடல் வேண்டுமாம். அதுவும் நடு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், நாலடிக் கண்ணாடித் தொட்டியில் வேண்டுமாம்.

இந்த ஆசை அவருக்குத் தானாக வந்ததில்லை. என் தங்கையைச் சங்ககிரியில் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் லாரி வைத்து ஓட்டுகிறவர். புது வீடு கட்டி, வாசற்படியைத் தாண்டியதும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு தொட்டி வைத்து, அதில் வாஸ்து மீன் விட்டிருந்தார். வெள்ளித் தகடு மாதிரி ஒரு மீன், போவதும் வருவதுமாக இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வந்து காரில் ஏறியவர், மல்லசமுத்திரம் தாண்டியதும் சொன்னார்: "அவரு நல்ல தண்ணி மீனுதான வச்சிருக்கறாரு? நாம உப்புத்தண்ணி மீனே வச்சுப்போடலாம் அம்மிணி."

வைத்தார். முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறவர், கையில் காசு புரளுகிற நேரம், யார் தடுப்பது? தொட்டி வந்தது, பாறை வந்தது, மணல் வந்தது, மோட்டார் வந்தது. ஒரு மாதம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார். அதற்கப்புறம் அவருக்கு அந்தத் தொட்டியில் இருந்த ஒரே வேலை, ஆள் வந்தால் விளக்கைப் போடுவது. மற்றதெல்லாம் என் தலையில் விழுந்தது. சுத்திகரித்த தண்ணீரில் உப்பைக் கரைப்பது, அளந்து பார்ப்பது, பழைய தண்ணீரை எடுத்துப் புதுத் தண்ணீரை விடுவது, கண்ணாடியில் படிகிற பாசியைச் சுரண்டுவது என்று எல்லாம் நான்தான். சேலத்துக் கடைக்காரரிடம் கேட்டும் போனில் வீடியோ பார்த்தும் கற்றுக்கொண்டேன். "அம்மிணிக்கு நல்லாப் பொழுது போகுது" என்று வருகிறவர்களிடம் சொல்லுவார். எனக்கென்னவோ வீட்டில் பொழுது போகாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மாதிரி!

இந்தக் கூத்தில் எனக்கென்று கிடைத்தது இரண்டு மீன்கள். கோமாளி மீன் என்பார்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். பெரியது பெண், சிறியது ஆண். நான் அடுப்படியிலிருந்து வருகிற சத்தம் கேட்டாலே இரண்டும் கண்ணாடிக்கு வந்துவிடும். "என்ன சாமி, பசிக்குதா?" என்று கேட்டால் வாலை ஆட்டிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் ஓடும். பாறைக்கு அடியில் ஒரு ஓட்டுச் சில்லில் முட்டை வைத்து, இரண்டும் மாறி மாறி விசிறிக்கொண்டிருக்கும். நான் கைவிட்டால் அந்தப் பெண் மீன் வந்து நறுக்கென்று கடிக்கும். கடித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். பெற்ற பிள்ளைகள் இரண்டும் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் "சாப்ட்டியாம்மா" என்று கேட்கிற வீட்டில், தினமும் என்னைப் பார்த்து ஓடி வந்தவை அவை இரண்டும்தான். தண்ணீர் கெட்டால் அவை செத்துப்போகும். அந்தத் தொட்டியைப் பற்றி எனக்கு இருந்த கவலை இது ஒன்றே ஒன்றுதான்.

ஒரு நாள் சகலை வந்தார். தொட்டியை முன்னாலும் பின்னாலும் பார்த்தார். "ஏனுங்கண்ணா, இத்தாப் பெரிய தொட்டி, ரெண்டே ரெண்டு மீனு, மிச்சமெல்லாம் பாறாங்கல்லு. கல்லுக் கரட்டுல தண்ணி ஊத்துன மாதிரி இருக்குதுங்களே" என்று சிரித்தார். எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அப்போதே தெரியும், இது எங்கேயோ போய் முட்டும் என்று.

முட்டிய இடம் கருவாட்டு வியாபாரி. கோழித் தீவனத்தில் அரைத்துப் போடுவதற்குத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எங்களுக்குக் கருவாடு வரும். மூட்டை மூட்டையாக லாரியில் வந்து இறங்கும். அந்த வியாபாரியைப் போனில் பிடித்து, "கடலுக்குள்ள பூ மாதிரி என்னமோ இருக்குதாமா. ரெண்டு கொத்துப் புடுங்கி அனுப்பி வையுங்க" என்றார். தோட்டத்தில் கத்தரிச்செடி பிடுங்கி அனுப்புகிற மாதிரி! அந்த மனுஷனும் கடலில் முங்கிச் சங்கு எடுக்கிற யாரோ ஒருவரைப் பிடித்து, படகுத் துறைத் தூணில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பெயர்த்து, பிளாஸ்டிக் பையில் கடல் தண்ணீரோடு கட்டி, தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் அனுப்பிவிட்டார்.

பெட்டி வந்து இறங்கியபோது நாற்றம் தெருமுனைவரைக்கும் அடித்தது. பையைத் தூக்கிப் பார்த்தால் பூவுமில்லை, மொட்டுமில்லை. அழுக்குப் பழுப்பில், தோல் மாதிரி, விரல் தடிமனில் ஒரு கொத்துக் குழாய்கள் கிடந்தன.

"பூ எங்கப்பா?" என்றார் இவர்.

"உள்ளாற இருக்குதுங்களாமா. தண்ணியில உட்டா வெளிய வருமுங்களாமா" என்று சொல்லிவிட்டு லாரிக்காரர் மூட்டை இறக்கப் போய்விட்டார்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீடியோவில் பார்த்திருக்கிறேன். குழாய்ப் புழு. குழாயைத் தானே கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே ஆயுசுக்கும் குடியிருக்கும். தலையில் இருக்கிற இறகு விசிறியை மட்டும் வெளியே நீட்டித் தண்ணீரில் வருகிற தூசி தும்பைப் பிடித்துத் தின்னும். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் இவர் பையைக் கிழித்துத் தொட்டியில் கொட்டப் போய்விட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"கடல் தண்ணியில இருக்கற உப்பு வேற, நம்ம தொட்டி உப்பு வேறங்க. சூடும் வேற. திடீர்னு மாத்துனா செத்துப்போகுமுங்க. அந்தத் தண்ணியில என்னென்ன நோய் இருக்குதோ, அதையும் சேத்தா கொட்டுவீங்க?"

"குஞ்சு வந்தா பெட்டியத் தெறந்து ஷெட்டுல உடறதில்லையா? நீ என்னமோ ஆஸ்பத்திரி நடத்தற."

"குஞ்சு வந்தா எடுத்த எடுப்புல தீவனமா போடறீங்க? மொதல்ல சக்கரைத் தண்ணி வெச்சு, பல்பு போட்டு, ஒரு நாள் பாக்கறீங்கல்ல? இதுக்கு மட்டும் உசுரில்லையா?"

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பண்ணைக்குப் போய்விட்டார். பதில் இல்லாதபோதெல்லாம் அவருக்குப் பண்ணையில் வேலை வந்துவிடும்.

தோட்டத்தில் தக்காளிக்குப் போட்டிருந்த சொட்டு நீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தேன். பையில் வந்த தண்ணீரோடு புழுக்களை வாளியில் இறக்கி, தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக வாளிக்குத் தண்ணீர் விழ விட்டேன். வாளி பாதி நிறைந்ததும் கொஞ்சம் எடுத்துக் கீழே ஊற்றிவிட்டு மறுபடியும் சொட்ட விட்டேன். மத்தியானம் முழுக்க முக்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். குழாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கக் கூடாது. உள்ளே காற்று போய்ச் சிக்கிக்கொண்டால் ஆபத்து என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். தண்ணீருக்குள்ளேயே வைத்து ஒவ்வொன்றாக அழுக்கைத் தேய்த்தேன். ஒன்று மட்டும் தொட்டதும் கொழகொழவென்று இருந்தது. வழியிலேயே செத்திருக்கிறது. அதன் நாற்றத்தை என்னவென்று சொல்வது, மூன்று நாள் சோப்புப் போட்டும் கையை விட்டுப் போகவில்லை. அப்படி ஒன்று தொட்டிக்குள் கிடந்து அழுகினாலே தண்ணீர் விஷமாகிவிடும், மீன் மூச்சுக்குத் தவிக்கும். அதை வேப்ப மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

மிச்சத்தைத் தொட்டியில் விடவில்லை. பெரிய பிளாஸ்டிக் டப்பில் உப்புத் தண்ணீர் கரைத்து, காற்று மோட்டார் போட்டு, தனியாக வைத்தேன். கடலிலிருந்து நேராகப் பிடுங்கி வருவது தனியாக வராது. குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் என்னென்னவோ ஒளிந்துகொண்டு வரும். இரண்டு மூன்று வாரமாவது வைத்துப் பார்த்துத்தான் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இவர் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பூவைப் பார்க்க வரச்சொல்லி ஞாயிற்றுக்கிழமைக்குச் சகலையை அதற்குள் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டாராம்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் டப்பில் ஒன்று விரிந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. வெள்ளையும் அரக்குமாக வளையம் வளையமாக, சுருள் சுருளாக, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து நின்றது. என் நிழல் பட்டதும் சடக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. சித்த நேரம் கழித்து மெதுவாக எட்டிப் பார்த்தது. பாவம், எங்கேயோ கடலில் சிவனே என்று கிடந்த பிராணி. கரட்டுக்குப் பூ வைப்பதற்காக அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இவருக்கு வெட்கமாவது ஒன்றாவது. "செவ்வந்தி! கடல் செவ்வந்தி!" என்று கத்தினார்.

"பூவு இல்லீங்க, புழு. குழாய்க்குள்ள மண்புழுவாட்டம் ஒண்ணு இருக்குது. அதோட விசிறிதான் இது."

"ஊட்டுல புழு வளக்கறமுன்னு வெளிய சொன்னா நாலு பேரு காறித் துப்ப மாட்டானா? பூன்னே இருக்கட்டும்."

அன்றைக்கே போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதல் ஆளிடம் பூ மாதிரி என்றார். இரண்டாவது ஆளிடம் பூ என்றார். கடைசியில் பேசிய ஆளிடம் அது எப்போது மொட்டு விடும், எப்போது மலரும் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாணம். நான் மட்டும் போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால் டப் காலி. புழுக்கள் எல்லாம் தொட்டிக்குள், பாறை இடுக்குகளில், வயலில் நாற்று நட்ட மாதிரி ஒரே வரிசையாக நின்றன. இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் பேசியதைத் தெருவே கேட்டது. அவர் காதில்தான் விழவில்லை. மறுபடி பிடுங்கினால் அவை இன்னும் மிரண்டு விசிறியையே உதிர்த்துவிடும். அதனால் விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் நாலு நாள் எங்கள் வீட்டில் ஒரே வேடிக்கைதான். பால்காரர் வந்தால் இவர் கண்ணாடியைத் தட்டுவார். விசிறி உள்ளே போகும். "பாத்தீங்களா, வெக்கப்படுது" என்பார். கரண்ட் பில் எடுக்க வந்தவருக்கும் அதே தட்டு, அதே வெட்கம். ஒரு உயிர் பயந்து ஓடி ஒளிவது அவருக்கு வெட்கமாகத் தெரிந்தது. என்ன பிறவியோ!

சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் ஹாலிலிருந்து கூப்பாடு. "அம்மிணி, ஓடியா! தொட்டியில புழு உளுந்துருச்சு!"

போய்ப் பார்த்தேன். சிவப்பாக, நூல் மாதிரி, நிறையக் கால்களோடு குட்டிக் குட்டிப் புழுக்கள் கண்ணாடியிலும் மணலிலும் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்தக் கொத்துகளுக்கு நடுவில் ஒளிந்து வந்தவைதான். நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. மீன் தின்று மிச்சம் வைப்பதைத் தின்றுவிட்டுப் பேசாமல் கிடக்கிற ரகம்.

"அது ஒண்ணும் பண்ணாதுங்க, உடுங்க" என்றேன்.

"நாளைக்கு விருந்துக்கு ஒறம்பரை வருது. பூவையெல்லாம் தின்னுபோட்டா?"

"பூவும் இல்லை, தின்னவும் தின்னாது. பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டு, விருந்துக்கு மசாலா அரைக்கப் போய்விட்டேன்.

கோழிப்பண்ணைக்காரர் கண்ணில் புழு பட்டால் கை சும்மா இருக்குமா? கோழிக்கு வயிற்றில் புழு வந்தால் தண்ணீரில் மருந்து கலந்துவிடுவார்கள். பண்ணை அலமாரியில் பாக்கெட் பாக்கெட்டாக இருக்கும். நான் அம்மி முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தில் போய் எடுத்து வந்து, ஒரு டம்ளரில் கரைத்து, தொட்டியில் ஊற்றிவிட்டார். என்னிடம் மூச்சு விடவில்லை.

காலையில் காப்பியோடு ஹாலுக்கு வந்தேன். மணலெல்லாம் அந்தக் குட்டிப் புழுக்கள் சுருண்டு விழுந்து கிடந்தன. விசிறிகள் எல்லாம் குழாய் வாயில் ஈரத்துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. விரலை ஆட்டினேன். ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

இவர் பின்னால் வந்து நின்றார். முகமெல்லாம் பெருமை. "பாத்தியா? ஒரே டோஸ். புழு பூராத்தையும் காலி பண்ணிப்போட்டேன்."

"என்னத்தைக் கலக்குனீங்க?"

"நம்ம புழு மருந்துதான். பூவு சித்த வாடியிருக்குது. மருந்து வேகம். சாயங்காலம் நிமுந்துக்கும்."

"அட கெரகமே! அதுவும் புழுதானுங்களே!"

அவர் என்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். "பூன்னு…" என்று ஆரம்பித்தார்.

"யாரு சொன்னா பூன்னு? ஊரு பூராத்துக்கும் நீங்கதான் சொன்னீங்க! நான் தலபாடா அடிச்சுக்கிட்டேனே, புழு புழுன்னு!"

தானே சொன்ன பொய்யைத் தானே நம்பி, புழுவைக் காப்பாற்றப் புழுவுக்கு மருந்து வைத்த ஆளை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். சிரிக்க நேரமில்லை. செத்ததெல்லாம் உடனே வெளியே வர வேண்டும், மீன்கள் வேறு தண்ணீருக்குப் போக வேண்டும். கரைத்து வைத்த உப்புத் தண்ணீர் கைவசம் இல்லை. புழக்கடையில் டிரம்மைக் கழுவி, தண்ணீர் பிடித்து, உப்பைக் கொட்டி, மோட்டாரைப் போட்டேன். கரைந்து தெளிகிறவரைக்கும் அதில் மீனை விட முடியாது. அதுவரை செத்ததையாவது எடுக்கலாம் என்று தொட்டிக்குப் போனால் இவர் குறுக்கே நின்றார்.

"அவுங்க வந்துட்டுப் போயிரட்டும். இப்பக் கலக்குனா தண்ணி சேறாட்டம் ஆயிரும். அசிங்கம். அப்பறம் எடுத்துக்கலாம்."

"மீனு சாகுமுங்க."

"சித்த நேரத்துல என்ன ஆயிருது?"

அந்த வாக்குவாதத்தின் நடுவிலேயே வாசலில் கார் வந்து நின்றது. தங்கையும் சகலையும் இறங்கினார்கள். இவர் ஓடிப்போய் விளக்கைப் போட்டார். "கடல் செவ்வந்திங்க. இன்னைக்குக் கொஞ்சம் வாட்டமா இருக்குது" என்று பல்லை இளித்தார்.

சகலை குனிந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். "ஏனுங்கண்ணா, பூவுன்னீங்க. செத்த எலி வாசம் அடிக்குதுங்களே?"

அப்போதுதான் பார்த்தேன், பெண் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செவுள் படபடவென்று அடித்தது. ஆண் மீன் அதன் வயிற்றுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோள்வரைக்கும் கையை விட்டேன். ஒவ்வொரு குழாயாகப் பிடுங்கினேன். உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒழுகியது. பலகாரத்துக்கு வைத்திருந்த சில்வர் தட்டில் வரிசையாக வைத்துச் சகலை முன்னால் தள்ளினேன்.

"நல்லாப் பாத்துக்கங்க. பூவு இல்லீங்க, புழு. உங்க அண்ணன் புழுவைக் காப்பாத்தப் புழு மருந்து ஊத்திட்டாரு."

சகலை வாய்விட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க என்னத்துக்குச் சிரிக்கறீங்க? நீங்க வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இது தூத்துக்குடியில உசுரோட இருக்கும். ரெண்டு பேரும் போட்டி போடறதுக்கு வேற எதுவும் கெடைக்கலீங்களா? லாரியை மோத உடறதுதான?" என்றேன். சிரிப்பு நின்றது. தங்கை வாளியைக் கொண்டுவந்து பிடித்தாள். இரண்டு மீன்களையும் வலையில் அள்ளி வாளியில் போட்டுப் புழக்கடைக்கு ஓடினோம். உப்பு அப்போதுதான் கரைந்து முடிந்திருந்தது. சொட்டு விட நேரமில்லை. அப்படியே டிரம்மில் விட்டேன்.

அவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். கறிக்குழம்பு இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தங்கைதான் பரிமாறினாள். நான் டிரம்மை விட்டு நகரவில்லை.

பெண் மீன் சாய்ந்து கிடந்தது. ஆண் அதை மூக்கால் முட்டி முட்டி நிமிர்த்தப் பார்த்தது. கொஞ்சம் நிமிரும், மறுபடி சாயும். "எந்திரி சாமி, எந்திரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வெயில் இறங்குவதற்குள் அது செவுளை அசைப்பதை நிறுத்திவிட்டது. கையில் எடுத்தேன். என்னைக் கடித்த வாய் திறந்தபடியே இருந்தது.

இவர் விருந்தாளிகளை அனுப்பிவிட்டுப் புழக்கடைக்கு வந்தார். என் கையைப் பார்த்தார்.

"சரி உடு அம்மிணி. உசுருன்னு வளத்தா நாலு சாகத்தான் செய்யும். பண்ணையில தெனமும் பொறுக்கிப் போடறதில்லையா? குடு, நான் கொண்டுபோய்ச் செத்த கோழி போடற குழியில போட்டர்றேன்."

"உங்க பண்ணையில ஒரே நாள்ல பாதி செத்துப்போனா, அப்பவும் இப்படித்தான் சொல்லுவீங்களா?"

கோழி வளர்க்கிறவருக்கு அந்தச் சொல் புரியும். பாதி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். மிச்சமிருந்த ஒன்று அடியில், ஓரத்தில், அசையாமல் நின்றது. அவர் முகம் கறுத்துப்போனது. என் கையிலிருந்ததை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றேன்.

நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்.